மஞ்சள் டப்பாவும் வெள்ளை டப்பாவும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் பட்டறையும் பெரிய மக்கர் எதுவும் பண்ணாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா, இல்லை நீ ஆபீஸ் போனதும் மொட்டைமாடிக்குக் கிளம்பிவிடுகிறாளா?

போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று நழுவிவிடுவாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். நாங்கள் செய்கிற கட்டைவிரல் அளவுக் காற்று சுவிட்ச் உனக்குத் தெரியும். பித்தளைக் கூட்டுக்குள் ஒரு தண்டு, தண்டில் இரண்டு ரப்பர் வளையம், அடியில் ஒரு ஸ்பிரிங். பொத்தானை அழுத்தினால் காற்று போகும், விட்டால் ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளிவிடும். வளையம் பத்து வருஷமாக உங்கள் கம்பெனி வளையம்தான். அதன்மேல் தடவுகிற கிரீஸ்தான் இப்போது தகராறு. இத்தனை நாள் வாங்கிய டப்பா வருவது நின்றுபோயிற்று. கடைக்காரர் மூன்று மாதிரி கொடுத்திருக்கிறார்.

ஒன்று மஞ்சள். சாதாரண எண்ணெய்க் கிரீஸ், பழையதற்குப் பங்காளி முறை. இன்னொன்று கண்ணாடி மாதிரி இருக்கிற சிலிகான். நம் சுவிட்ச் பெயின்ட் அடிக்கிற கூடங்களுக்கும் போகிறது, அங்கே சிலிகான் பேரைச் சொன்னாலே வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அது பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காதாம். அதனால் அது கழிந்தது. மூன்றாவது வெள்ளை. வெண்ணெய் மாதிரி அழகாக இருக்கிறது. விலையைக் கேட்டதும் மாமா நாற்காலியைத் தேடினார்.

சலவைக்கூடங்களுக்குத் துணி தேய்க்கும் பிரஸ் செய்கிறவர் ஒருவர் முதல்முறையாகப் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார். மெஷினுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் சூட்டுப் பலகை கீழே இறங்கும், ஒரு கையை எடுத்தாலும் மேலே போய்விடும். தேய்க்கிறவர் கை நடுவில் மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அதனால் கிரீஸில் விளையாட முடியாது. ரப்பர் டாக்டரே, மஞ்சளா, வெள்ளையா?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 20

சுவிட்ச் மகாராணி அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அம்மா உன் கடிதத்தில் மொட்டைமாடி விஷயம் வந்ததும் "அவளுக்கு யாரு சொன்னா?" என்று என்னை முறைத்தாள். அவளே வத்தி வைத்துக்கொண்டாள்.

வெள்ளையே போடு. ரொம்ப யோசிக்காதே. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா அது? தந்தி. சுகம், சௌக்கியம், வெள்ளை. அவ்வளவுதானா?

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே உன் தம்பி" என்றார். நானும் அதைத்தான் கேட்கிறேன். மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் என்ன நோய் என்று சொல்லமாட்டாரா? பத்து வருஷமாக உங்கள் கறுப்பு வளையத்துக்கு எண்ணெய்க் கிரீஸ்தான் தடவுகிறோம். ஒரு புகார் வந்ததில்லை. இப்போது மட்டும் மஞ்சளில் என்ன குறை? வெள்ளை வாங்கினால் இந்த ஆர்டரில் நாங்கள் டீ குடிக்கக்கூட மிஞ்சாது. அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் வாங்குகிறோம். காரணத்தை மட்டும் சொல்.

அம்மாவுக்கு அந்தப் பச்சைத் தைலத்தை இரண்டு வேளையும் தேய்த்துவிடு. ஒரு வேளை தேய்த்துவிட்டு இரண்டு என்று என்னிடம் கணக்குச் சொல்லாதே.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். கோபிக்காதே. இங்கே வேலை கழுத்துக்கு மேல். எங்கள் சோதனைப் பிரிவின் மேலாளர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலிக்கு என் பேரும் அடிபடுகிறது. யாரிடமும் சொல்லாதே, மாமாவிடம் மட்டும் சொல். அம்மாவுக்குச் சொன்னேன், தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

கிரீஸ் விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பழைய ரப்பர் என்றால் மஞ்சளே போதும். ஆனாலும் வெள்ளை எல்லா ரப்பருக்கும் ஒத்துப்போகும், தொல்லை இல்லாதது. அதனால் சொன்னேன். முடிவு உங்களுடையது. மாமாவுக்குத் தெரியாததா?

தைலம் இரண்டு வேளைதான். சத்தியமாக.

தம்பி


மார்ச் 2

மேலாளராகப் போகிற தம்பிக்கு,

உன் செய்தியைக் கேட்டு மாமா லேத்தை நிறுத்திவிட்டு வந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவர் எதற்கும் லேத்தை நிறுத்துகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். அந்த நாற்காலி உனக்குக் கிடைக்கட்டும், கிடைத்ததும் எங்களை மறக்காமலும் இரு.

நீ முடிவை எங்களிடம் விட்டதால் நாங்களே சோதனை போட்டோம். பழைய தையல் மெஷின் மோட்டாரில் மாமா ஒரு கருவி செய்து வைத்திருக்கிறாரே, பொத்தானைக் கொத்து கொத்து என்று கொத்திக்கொண்டே இருக்குமே, மரங்கொத்தி, அதில் மாட்டினோம். ஆறு சுவிட்சில் மஞ்சள், ஆறில் வெள்ளை. கிரீஸ் தடவிய கையோடு மாட்டி, மூன்று நாள் விடாமல் கொத்தவிட்டேன். ஒரு நிமிஷம் நிறுத்தவில்லை. சாப்பிடப் போனால்கூட நானும் மாமாவும் மாறி மாறிப் போனோம். ஒவ்வொன்றும் லட்சம் தடவைக்கு மேல். மஞ்சள்தான் ஜெயித்தது! வெள்ளையைவிட வழவழவென்று போய்வந்தது, காற்றுக் கசிவு துளியும் இல்லை. பிரித்துப் பார்த்தேன், வளையம் புதுசு மாதிரி இருந்தது.

ஆகவே மஞ்சள். அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் பூட்ட ஆரம்பிக்கிறோம். இந்தச் சோதனையில் ஏதாவது ஓட்டை இருக்கிறது என்று உனக்குத் தோன்றினால் அதற்குள் ஒரு வரி எழுதிப்போடு. எழுதாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாயிற்று, எழுதவே முடியவில்லை. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்தேன். நாற்காலி கிடைத்துவிட்டது. தனி அறை, ஜன்னல் ஓரம், வாசலில் என் பதவி எழுதிய பலகை. அம்மாவை ஒருநாள் கூட்டிவந்து உட்காரவைத்தேன். நாற்காலி சுழல்வது பிடிக்கவில்லை அவளுக்கு, மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முழங்காலுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கிறோம், இனி கம்பெனியே வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஆர்டர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாமாவின் முதுகுவலி எப்படி? வெயில் கடுமையாக இருக்கிறது, மோர் குடியுங்கள்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

போன திங்கட்கிழமை காலையில் ஒரு சலவைக்கூடத்தில் நம் சுவிட்ச் மாட்டிய பிரஸ்ஸில் ஒரு பெண்ணின் இடது கை நசுங்கிவிட்டது. நசுங்கி வெந்தும்விட்டது. நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை கடைசியாக அழுத்திய இடதுபக்கப் பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. திங்கள் காலை அந்த அம்மா ஒரு சட்டைக் காலரை இடது கையால் நீவிக்கொண்டே வலது பொத்தானில் கை வைத்திருக்கிறாள். இடது கையும் பொத்தான்மேல்தான் இருக்கிறது என்று நினைத்து மெஷின் பலகையை இறக்கிவிட்டது.

மாமா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். முதல் நாள் அந்த அம்மா, "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறாள். "அந்த சுவிட்ச் செஞ்சவன்மா" என்றாராம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அப்படியும் மறுநாள் போனார். வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

தொழிற்சாலை ஆய்வாளர் பட்டறைக்கு வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனார். கவனக்குறைவு என்று வழக்குப் போட்டால் மாமா உள்ளே போகவேண்டியிருக்கும் என்று சொல்கிறார்கள். மாமா அவரிடம், "கிரீஸை நான்தான் தேர்ந்தெடுத்தேன், என்னைத்தான் கேக்கணும்" என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் தடுத்தேன். கேட்கவில்லை.

லட்சம் தடவை கொத்தியும் ஒட்டாதது எப்படி ஒட்டிற்று? எனக்கு மூளையே ஓடவில்லை. உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லப்பா.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு பதறிப்போனேன். கிடைத்த அன்றைக்கே பதில் எழுதுகிறேன். தைரியமாக இரு. மாமாவையும் தைரியமாக இருக்கச் சொல். அந்தப் பெண்ணுக்கு ஆண்டவன் துணை இருக்கட்டும்.

மெஷினைத் தினமும் துடைத்து, பொத்தான் மேலே வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியது சலவைக்கூடத்தின் பொறுப்பு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமா அவசரப்பட்டு எதுவும் எழுதிக் கொடுத்திருக்கக்கூடாது. நல்ல வக்கீலாகப் பாருங்கள். மீதிச் சுவிட்சுகளைத் திருப்பி வாங்கிவிட்டால் நல்லது, உடனே வாங்கிவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் இப்போதைக்கு எழுதவேண்டாம்.

தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அந்த அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. மீதிச் சுவிட்சுகளைத் திருப்பி வாங்கியாயிற்று. நீ சொல்லும் முன்னே மாமா கிளம்பிவிட்டார், ஒவ்வொரு சலவைக்கூடமாக ஏறி இறங்கிக் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் திட்டி வாசலில் நிற்கவைத்தார்கள்.

திரும்பி வந்தவற்றை நான் பிரித்தேன். தண்டை இடுக்கியால் இழுக்கவேண்டியிருந்தது. வளையம் பருத்துப் போயிருந்தது. கேஜ் வைத்து அளந்தேன், கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, ஊறவைத்த கடலை மாதிரி. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய உங்கள் பாக்கெட் ஒன்று அலமாரி மூலையில் பிரிக்காமல் கிடந்தது. அதிலிருந்து ஐந்து வளையம், இந்த வருஷப் பாக்கெட்டிலிருந்து ஐந்து, இரண்டு கிண்ணத்தில் மஞ்சள் கிரீஸுக்குள் புதைத்து வைத்தேன். தொடவில்லை, அசைக்கவில்லை. ஒன்பதாம் நாள் எடுத்தேன். பழையது அப்படியே இருந்தது. புதியது பருத்துவிட்டது.

பாக்கெட் ஒன்றுதான், எண் ஒன்றுதான், கறுப்பும் அதே கறுப்பு. உள்ளே ரப்பர் மட்டும் வேறு.

என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. மரங்கொத்தியை மூன்று நாள் நிறுத்தாமல் ஓட்டினேன் என்று பெருமை அடித்தேனே, நிறுத்தியிருக்கவேண்டும். கிரீஸ் தடவி இரண்டு மூன்று வாரம் சும்மா கிடக்கவிட்டு, ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால் போதும். வேலை செய்கிற சுவிட்சை மட்டுமே சோதித்தேன், சும்மா இருக்கிற சுவிட்சைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை. என் தப்புக்கு நான் பதில் சொல்கிறேன்.

இனி உன் முறை. பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "பழைய ரப்பர் என்றால் மஞ்சளே போதும்." அன்றைக்கு அதைப் படித்தபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று தாண்டிப் போய்விட்டேன். இன்றைக்குத் தாண்ட முடியவில்லை. புது ரப்பர் ஒன்று வந்திருக்கிறது என்று அன்றே உனக்குத் தெரியுமா? தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்றை எழுது. மாமாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. உன் பதில் வரட்டும் என்று இருக்கிறேன். தெரியாது என்று நீ எழுதினால் நான் நம்புவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 19

பெறுநர்: உரிமையாளர், காற்றழுத்த சுவிட்ச் பட்டறை
பொருள்: ரப்பர் வளையங்கள் பற்றிய புகார்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மனைவியார் ஜூலை 26 அன்று எழுதிய கடிதம் கிடைக்கப்பெற்றோம். எமது நிறுவனத்தின் வளையங்கள் உரிய தர அளவுகளுக்கு உட்பட்டே தயாரிக்கப்படுகின்றன. தங்களுக்கு அனுப்பப்பட்ட சரக்கில் குறை எதுவும் காணப்படவில்லை. தாங்கள் பயன்படுத்திய எண்ணெய் வகைக் கிரீஸ் இவ்வளையங்களுக்குப் பொருத்தமற்றது. பொருத்தமான கிரீஸைத் தேர்ந்தெடுப்பது பயன்படுத்துவோரின் பொறுப்பாகும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இதன் நகல் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
மேலாளர், தரச் சோதனைப் பிரிவு


செப்டம்பர் 1

அக்கா,

கம்பெனிக் கடிதம் வந்திருக்கும். அதைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அது வக்கீல்கள் எழுதியது. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. போடமாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறேன்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. போன வருஷக் கடைசியில் பழைய ரப்பர் சரக்கு கிடைக்காமல் கலவையை மாற்றினார்கள். வெந்நீருக்கும் நீராவிக்கும் அது நல்ல ரப்பர்தான். எண்ணெய்தான் ஆகாது. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் தகவல் போயிற்று. சின்னப் பட்டறைகளுக்குச் சொன்னால் எல்லோரும் சரக்கைத் திருப்புவார்கள் என்று மேலே முடிவு செய்தார்கள். உன் முதல் கடிதம் வந்தபோது அந்தத் தகவல் எழுதிய காகிதம் என் மேஜையில் இருந்தது. வெளியே சொன்னால் மேலாளர் பதவி போகும், வேலையும் போகும். ஆனாலும் நான் உனக்குப் பொய் சொல்லவில்லை அக்கா. வெள்ளையே போடு என்று முதல் நாளே சொன்னேன். கேட்காமல் போனது நீங்கள்தான். யோசித்துப் பார்.

இது வெளியே வந்தால் நான் மட்டும் போகமாட்டேன், அம்மாவின் முழங்கால் வைத்தியமும் போகும். அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மாமா பெரிய மனசுக்காரர், எப்படியும் குறைந்த தண்டனையோடு வெளியே வந்துவிடுவார். வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

தம்பி


செப்டம்பர் 18

தம்பிக்கு,

அம்மாவை அடுத்த வாரம் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். துணிமணியை எடுத்துவைக்கச் சொல், காரணத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனிக் கடிதம் வந்த அன்று உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். உள்ளே துண்டுச் சீட்டு ஏதாவது வைத்திருப்பாய் என்று நினைத்தேன். இல்லை. தங்கள் மனைவியார் என்று எழுதியிருந்ததை மாமா இரண்டு தடவை படித்தார். "உன்னைத்தான் சொல்றான்" என்றார். அவர் இப்போது லேத்தில் நிற்பதில்லை. பித்தளையைக் கையில் எடுத்தால் அந்த அம்மாவின் கட்டு ஞாபகம் வருகிறதாம்.

பொய் சொல்லவில்லை என்கிறாய். சரிதான், வெள்ளை போடு என்றாய். காரணம் கேட்டேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை என்றாய். மார்ச்சில், ஓட்டை இருந்தால் ஒரு வரி எழுது, எழுதாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாய். "சும்மா கிடக்கவிட்டுப் பார்" என்று எழுதினால் உன் கம்பெனியின் ரகசியம்கூடப் போயிருக்காது. அந்த ஒரு வரி உன்னிடம் இருந்தது. மோர் குடிக்கச் சொல்லி எழுதினாய்.

உன்னை நான் வெறுக்கிறேன் என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் அதுகூடச் சரியாக வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது. என் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த ஒருவன் இவ்வளவு மரியாதையாக எங்களைக் குழியில் தள்ளுவான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர், "வேண்டாம்மா, உன் கூடப்பொறந்தவன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். நேற்று ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஜனவரியிலிருந்து நீ எழுதிய எல்லாவற்றையும், கம்பெனிக் கடிதத்தையும், இரண்டு கிண்ணத்து வளையங்களையும் மேஜையில் வைத்தேன். அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தைலம், மொட்டைமாடி, சுழல் நாற்காலி எல்லாவற்றையும் ஒரு வேற்று மனிதர் படிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கு இனி உங்கள் கம்பெனி மேலும் போகும் என்றார். மாமா முழுக்கத் தப்பிவிட்டதாகச் சொல்லவில்லை. எங்கள் பங்கு தப்பு எங்களுக்கு இருக்கிறது, அதை நாங்கள் சுமக்கிறோம்.

கடைசியில் உன் செப்டம்பர் கடிதத்தையும் கம்பெனிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே ஆள் போட்ட கையெழுத்தா? உங்களால நிச்சயமாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார். என் தம்பி கையெழுத்து" என்றேன்.

அதை அப்படியே எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அக்கா